280 சி.எஃப்.எம். சரி, எந்த லிஃப்டில்?

நீங்களும் அந்த மாதிரி வீடியோ பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஷெட். தாடி வைத்த ஒருவர் பழைய 350 இன்ஜினில் இருந்து துரு ஏறிய இரும்பு ஹெட் இரண்டையும் கழற்றி ஓரமாக வைக்கிறார். பளபளவென்று அலுமினிய ஹெட் இரண்டை மாட்டுகிறார். டைனோவில் ஓட்டுகிறார். எண் எகிறுகிறது. மறுநாள் நம்ம மெக்கானிக்கல் கிளாஸில் யாராவது ஒருத்தன் கண்டிப்பாகக் கேட்பான்: "மச்சி, இருக்கிறதுலயே எந்த ஹெட்டுடா அதிகமா ஃப்ளோ ஆகுது?"

அந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

முதலில் இன்ஜின் எது என்று சொல்லிவிடுகிறேன், நம்ம ஊர் ரோட்டில் இது கண்ணில் படுவது அபூர்வம். 1955-ம் வருட மாடல் கார்களுக்காக செவ்ரோலே கொண்டுவந்த 265 கன அங்குல வி8 தான் முதல் ஸ்மால் பிளாக். எட் கோல் தலைமையில் உருவானது. அமெரிக்கர்கள் செல்லமாக 'செவி' என்பார்கள் (காது இல்லை). கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். புஷ்ராடு வழியாக மேலே ராக்கரை ஆட்டும். ஒரு சிலிண்டருக்கு இரண்டே வால்வு. 1967-ல் கமாரோவோடு வந்த 350 இந்தக் குடும்பத்தின் செல்லப்பிள்ளை: சிலிண்டர் விட்டம் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், நம்ம கணக்கில் 5.7 லிட்டர். பின்னால் தலைமுறைகள் மாறின. ஸ்மால் பிளாக் என்ற பெயரில் 10 கோடியாவது இன்ஜினை ஜெனரல் மோட்டார்ஸ் 2011-ல் செய்து முடித்தது. நான் இங்கே பேசப்போவது பழைய தலைமுறையைப் பற்றி, அதாவது வால்வு 23 டிகிரி சாய்ந்திருக்கும் வகையைப் பற்றி.

இதற்கு ஏன் இத்தனை கம்பெனிகள் ஹெட் செய்கின்றன? எளிய காரணம். பல பத்து வருடங்களுக்கு ஹெட் போல்ட் துளைகள் இடம் மாறவே இல்லை. எழுபதுகளின் பிளாக்கில் தொண்ணூறுகளின் ஹெட் உட்காரும். அப்படி ஒரு சந்தை கிடைத்தால் யார் விடுவார்கள்? எடெல்பிராக், ஏ.எஃப்.ஆர். என்று சுருக்கிச் சொல்லும் ஏர் ஃப்ளோ ரிசர்ச், ட்ரிக் ஃப்ளோ, டார்ட், பிராடிக்ஸ் என்று வரிசையாகக் கடை விரித்திருக்கிறார்கள். பெயர் இல்லாத மலிவு வார்ப்புகள் தனி.

கேட்லாக்கைத் திறந்தால் மூன்று எண்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒன்று, இன்டேக் போர்ட்டின் கொள்ளளவு: எடெல்பிராக் பெர்ஃபார்மர் ஆர்.பி.எம். 170 சி.சி., ஏ.எஃப்.ஆர். எலிமினேட்டர் 180, 195, 210, 220 என்று படிப்படியாக, டார்ட் அயர்ன் ஈகிள் 230 வரைக்கும். இரண்டு, வால்வு அளவு: பெரும்பாலும் இன்டேக் 2.02 அங்குலம், எக்ஸாஸ்ட் 1.60. மூன்றாவதுதான் எல்லோரும் பார்க்கும் எண், உச்ச ஃப்ளோ, நிமிடத்துக்கு இத்தனை கன அடி. பழைய சாதாரண இரும்பு ஹெட் 200 பக்கம் நிற்கும். நல்ல ஆஃப்டர்மார்க்கெட் ஹெட் 250, 280 என்று போகும். 'அப்போ பெரிய எண்ணை எடுத்துட்டா வேலை முடிஞ்சுதே?'

முடியவில்லை. அந்த எண் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம்.

ஃப்ளோ பெஞ்ச் என்பது பெரிய வித்தை இல்லை. ஹெட்டைக் கவிழ்த்து ஒரு சிலிண்டர் மாதிரியின் மேல் வைத்து, வால்வை ஒரு குறிப்பிட்ட அளவு திறந்து பிடித்து, கீழே இருந்து காற்றை உறிஞ்சுவார்கள். போர்ட்டின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசத்தை நிலையாக வைத்து, எவ்வளவு காற்று போகிறது என்று அளப்பார்கள். அமெரிக்காவில் வழக்கமாக 28 அங்குல நீர் அழுத்தம், ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல். ஃப்ளோ அந்த அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம், இரண்டாம் வருட ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்தான். ஆக 10 அங்குலத்தில் அளந்த அதே ஹெட் 28 அங்குலத்தில் 1.67 மடங்கு காட்டும். 25 அங்குலத்தில் அளந்தவரின் எண்ணை 28-ல் அளந்தவரின் எண்ணோடு ஒப்பிட்டால் 5, 6 சதவீதம் அங்கேயே ஓடிப்போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை, பட்டுத்தான் கற்றேன். போன வருடம் நாங்கள் நாலு பேர் வேக்யூம் கிளீனர் மோட்டாரை வைத்து ஒரு ஃப்ளோ பெஞ்ச் செய்தோம். புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு பழைய மாருதி 800 ஹெட். முதலில் அப்படியே அளந்தோம். பிறகு இரண்டு வாரம் உட்கார்ந்து போர்ட்டைத் தேய்த்தோம், மறுபடி அளந்தோம், 14 சதவீதம் கூடியிருந்தது. போஸ்டர் அடித்தாச்சு, பிரசன்டேஷனும் ஆச்சு, கைதட்டலும் வாங்கியாச்சு. அதற்குப் பிறகு லேப் அண்ணன் நோட்டைப் புரட்டிவிட்டு, "தம்பி, மேனோமீட்டர்ல மொத நாள் 10 இருந்திருக்கு, கடைசி நாள் 12 இருந்திருக்கே?" என்றார். 12-ஐ 10-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 1.095. எங்கள் 14 சதவீதத்தில் ஒன்பதரை, அன்றைக்கு மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடியதால் வந்தது. இரண்டு வாரத் தேய்ப்பின் பலன் 4 சதவீதம். நாங்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எண் நல்லா இருந்ததால் அதைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

அழுத்தம் மட்டும் இல்லை. கீழே வைக்கும் சிலிண்டரின் விட்டமும் கணக்கு. 400 கன அங்குல ஸ்மால் பிளாக்கின் விட்டம் 4.125 அங்குலம். அந்த அளவுக் குழாயின் மேல் வைத்து அளந்தால் வால்வின் ஓரத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் இடம் கூடுதலாக இருக்கும், காற்று தாராளமாகச் சுற்றி வரும். உங்கள் 350-ல் 4.00 தான். 305 இன்ஜின் என்றால் 3.736 தான், அங்கே 2.02 வால்வு சுவரை ஒட்டி மூச்சு முட்டி நிற்கும். இதுபோக போர்ட் வாயில் களிமண்ணால் வளைவு கட்டினார்களா, எக்ஸாஸ்ட் பக்கம் குழாய் வைத்தார்களா என்று இன்னும் பல. இவை எதையும் சொல்லாத ஃப்ளோ எண், அலகு போடாத விடை மாதிரி. நமக்கு இன்டர்னலில் அலகு போடாவிட்டால் அரை மார்க் போகும். கேட்லாக்குக்கு யாரும் மார்க் குறைப்பதில்லை.

சரி, எல்லாம் ஒழுங்காகவே அளந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பவும் தலைப்பில் இருக்கும் கேள்வி இருக்கிறது. எந்த லிஃப்டில்?

வால்வு திறக்கும்போது காற்று போகும் வழி, வால்வைச் சுற்றி இருக்கும் ஒரு திரை மாதிரி. அதன் பரப்பு பை பெருக்கல் விட்டம் பெருக்கல் லிஃப்ட். லிஃப்ட் விட்டத்தில் கால் பங்கு ஆகும்போது அந்தத் திரையின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமம். 2.02 வால்வுக்கு அது அரை அங்குலம். அதற்குக் கீழே வால்வும் அதன் இருக்கையும் ராஜா, அதற்கு மேலே போர்ட் ராஜா. விளம்பரத்தில் வரும் உச்ச எண் பெரும்பாலும் 0.550, 0.600 அங்குல லிஃப்டில் எடுத்தது. ஆனால் ரோட்டில் ஓடும் 350-க்குப் போடும் கேம் எவ்வளவு தூக்கும்? ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ZZ4 என்ற பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினின் இன்டேக் லிஃப்ட் 0.474 அங்குலம். அதை வைத்திருப்பவர் 0.600-ல் ஹெட் என்ன ஃப்ளோ ஆகிறது என்று பார்ப்பது, தான் போகவே போகாத ஊரின் வானிலை அறிக்கையைக் கேட்பது மாதிரி.

இன்னொன்று. வால்வு உச்ச லிஃப்டை ஒரு சுற்றில் ஒரே ஒரு முறைதான் தொடும். 0.300-ஐ ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை கடக்கும். கணக்குக்காக நானே இரண்டு ஹெட்டுக்கு எண் வைத்துக்கொள்கிறேன். முதல் ஹெட் 0.200, 0.300, 0.400, 0.500-ல் முறையே 140, 200, 240, 255. அதற்கு மேல் தட்டையாகி 0.600-ல் 258. இரண்டாவது 125, 180, 228, 268, கடைசியில் 0.600-ல் 290. கேட்லாக் அட்டையில் 258-க்கும் 290-க்கும் போட்டியே இல்லை. ஆனால் அரை அங்குலத்துக்குள் தூக்கும் கேமில், முதல் நாலு எண்ணின் சராசரி முதல் ஹெட்டுக்கு 209, இரண்டாவதுக்கு 200. தோற்றதாக நினைத்த ஹெட் ஜெயிக்கிறது. ஆகவே ஹெட் ஒப்பிடும் ஆள் முழு அட்டவணையைக் கேட்க வேண்டும். நல்ல கம்பெனிகள் கொடுக்கத்தான் செய்கின்றன. யாரும் கீழே வரைக்கும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது போர்ட் கொள்ளளவுக்கு வருவோம். உண்மையான பாவம் நடப்பது இங்கேதான்.

'பெருசா எடுத்து வச்சா பின்னாடி உதவும்' என்ற மனசு நமக்குப் பழக்கமானது. வளர்ற பையன் என்று யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பார்களே, அந்த மனசு. சட்டை தொளதொளவென்று இருந்தால் பள்ளிக்கூடம் போவதில் ஒன்றும் குறையாது. போர்ட் தொளதொளவென்று இருந்தால் குறையும். காற்றுக்கு எடை இருக்கிறது. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் உள்ளே வந்துகொண்டிருக்கும் காற்று தன் வேகத்தினாலேயே தொடர்ந்து நுழைய வேண்டும். வேகம் இல்லையென்றால் பிஸ்டன் அதைத் திருப்பித் தள்ளிவிடும். கார்புரேட்டர் இன்ஜின் என்றால் பெட்ரோல் துளிகளும் மந்தமான காற்றில் இருந்து பிரிந்து சுவரில் ஒட்டும்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு இது. போர்ட் நீளம் 13 சென்டிமீட்டர் சொச்சம் என்று எடுத்துக்கொண்டு, கொள்ளளவை நீளத்தால் வகுத்தால் சராசரிக் குறுக்குப் பரப்பு கிடைக்கும். பிஸ்டனின் சராசரி வேகத்தைப் பரப்புகளின் விகிதத்தால் பெருக்கினால் போர்ட்டில் காற்றின் சராசரி வேகம். 350 இன்ஜின், 2500 ஆர்.பி.எம். பிஸ்டன் வினாடிக்கு 7.4 மீட்டர். 170 சி.சி. போர்ட்டில் காற்று வினாடிக்கு 47 மீட்டர். 230 சி.சி. போர்ட்டில் 35. வேகத்தில் கால் பங்கு போச்சு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கம், ஆகவே அதில் கிட்டத்தட்ட பாதி காலி. இதே கணக்கை 7000 ஆர்.பி.எம்.முக்குப் போட்டால் கதை தலைகீழ்: சின்ன போர்ட்டில் சராசரியே 130-ஐத் தாண்டுகிறது, உச்ச வேகம் அதைவிட எவ்வளவோ மேலே போய் மூச்சுத் திணறும். பெரிய போர்ட் அங்கே சுகமாக இருக்கும். ஆக எந்த போர்ட்டும் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. உங்கள் முள் டாகோமீட்டரில் எங்கே அதிக நேரம் நிற்கிறது என்பதுதான் விஷயம். சிக்னலில் இருந்து சிக்னலுக்கு ஓடும் காரில் அது 7000-ல் நிற்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சி.சி. எண்ணும் பாதி உண்மைதான். இந்த இன்ஜினில் இன்டேக் போர்ட் புஷ்ராடுக்கு இடம் விட்டு ஒதுங்கிப் போக வேண்டும். போர்ட்டின் இடுப்பு அங்கேதான். வால்வுக்கு மேலே இருக்கும் கிண்ணத்தைக் குடைந்தால் சி.சி. கூடும், இடுப்பு அப்படியே இருக்கும். ஆகவே வேறு வேறு கம்பெனியின் 195-ஐயும் 200-ஐயும் வைத்துக்கொண்டு 5 சி.சி.க்கு சண்டை போடாதீர்கள். 170-க்கும 230-க்கும் உள்ள வித்தியாசம் பேசத் தகுந்தது.

'இது எல்லாம் பேப்பர் கணக்கு, நிஜத்துல காட்டு' என்பவர்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸே ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறது, தெரிந்து செய்ததோ இல்லையோ. மேலே சொன்ன ZZ4: கார்வெட் வழி வந்த அலுமினிய ஹெட், இன்டேக் போர்ட் 160 சி.சி. அளவு. 5250 ஆர்.பி.எம்.மில் 355 குதிரைத்திறன், 3500-ல் 405 பவுண்டு-அடி டார்க். பிறகு அதே அடிப்பாகத்தை, அதே கேமை வைத்துக்கொண்டு ஃபாஸ்ட் பர்ன் என்ற 210 சி.சி. ஹெட்டையும் அதற்கேற்ற மேனிஃபோல்டையும் போட்டு இன்னொரு இன்ஜின் விற்றார்கள். பெயர் ஃபாஸ்ட் பர்ன் 385. குதிரைத்திறன் 385, டார்க்கும் 385, அது 4000-ல்.

விளம்பரம் 30 குதிரை கூடியதைத்தான் பேசும். 20 பவுண்டு-அடி குறைந்ததை நாம்தான் பேச வேண்டும். டார்க்கும் ஆர்.பி.எம்.மும் தெரிந்தால் குதிரைத்திறன் தெரியும், 5252-ஆல் வகுக்கணும். 3500-ல் ZZ4 கொடுப்பது 270 குதிரை. ஃபாஸ்ட் பர்னின் உச்ச டார்க்கே 385 தான், ஆகவே 3500-ல் அது என்ன செய்தாலும் 257-ஐத் தாண்ட முடியாது. ரோட்டில் நீங்கள் அதிகம் இருக்கும் இடத்தில் குறைந்தது 13 குதிரையைக் கொடுத்துவிட்டு, எப்போதாவது போகும் இடத்தில் 30 குதிரை வாங்குகிறீர்கள். சிலருக்கு இது லாபமான பேரம். எல்லோருக்கும் இல்லை. நியாயமாக இன்னொன்றும் சொல்லணும்: ஃபாஸ்ட் பர்ன் ஹெட்டின் எரியறை 62 சி.சி., பழையது 58. அதனால் கம்ப்ரஷனும் 10-ல் இருந்து 9.6-க்கு இறங்கியது. டார்க் குறைந்ததில் ஒரு பங்கு அதற்கும் போகும். எல்லாப் பழியையும் போர்ட் மேல் போட்டால் நானும் அந்த 14 சதவீத போஸ்டர் ஆள் ஆகிவிடுவேன்.

எரியறை என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஃப்ளோ பெஞ்சுக்கு எரியறை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே காற்று போகிறது, எரிவதில்லை. தட்டையான தலை உள்ள பிஸ்டனோடு ஒரு 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட், வால்வுக்கு வெட்டிய பள்ளம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், 76 சி.சி. எரியறை உள்ள எழுபதுகளின் ஹெட்டோடு கம்ப்ரஷன் எட்டரைக்குப் பக்கம் வரும். 64 சி.சி. ஹெட்டுக்கு மாற்றினால் ஒன்பதரைக்கு மேலே. வீடியோவில் அந்தத் தாடிக்காரருக்கு எண் எகிறியதே, அதில் ஒரு பெரிய துண்டு இதுவாக இருக்கலாம். அவர் 'ஃப்ளோ'வுக்குக் கைதட்டுகிறார்.

இந்த இடத்தில் என் மனசுக்குப் பிடித்த ஹெட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர மாட்டேன். 1996-ல் ஜி.எம். டிரக்குகளில் L31 என்ற 350 வந்தது. அதன் வோர்டெக் ஹெட் இரும்பு, வால்வு சின்னது, 1.94-உம் 1.50-உம். போர்ட் 170 சி.சி. பக்கம். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் எரியறை இதய வடிவத்தில், 64 சி.சி., கலவை நன்றாகச் சுழன்று வேகமாக எரியும். பழைய ஹெட் 36 டிகிரி முன்கூட்டியே ஸ்பார்க் கேட்கும் இடத்தில் இதற்கு 32 டிகிரி பக்கம் போதும். கலவை சீக்கிரம் எரிந்து முடிகிறது, பிஸ்டன் ஏறும்போதே அதன் தலையில் அடிப்பது குறைகிறது என்று அர்த்தம். டிரக்கில் இதன் எண் 255 குதிரை. இதே ஹெட்டை வேறு கேமோடு ஜி.எம். விற்ற தனி இன்ஜினில் 330. இரண்டையும் அளந்த சூழ்நிலை ஒன்று இல்லை, நேருக்கு நேர் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனால் ஹெட் மாறவில்லை, கூட இருந்தவர்கள்தான் மாறினார்கள் என்பது மட்டும் உறுதி.

வோர்டெக் மேல் குறை இல்லாமலும் இல்லை. மெல்லிய வார்ப்பு, சூடு தாங்காமல் எக்ஸாஸ்ட் இருக்கை பக்கம் விரிசல் விடும். பழைய ஹெட் வாங்கினால் விரிசல் சோதனை கட்டாயம். 0.470-க்கு மேல் தூக்கும் கேம் போட்டால் ரிட்டெய்னர் போய் வால்வு சீலில் இடிக்கும், மெஷின் ஷாப்பில் வேலை வைக்கும். இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் அமைப்பு வேறு, பழைய மேனிஃபோல்ட் உட்காராது. இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சில நேரம் புது அலுமினிய ஹெட்டே கிட்டத்தட்ட அதே விலைக்கு வந்துவிடும்.

இது எல்லா ஹெட்டுக்கும் பொருந்தும். ஹெட் தனியாக வருவதில்லை, ஒரு குடும்பத்தோடு வருகிறது. புஷ்ராடு நீளம் மாறும். ஸ்பார்க் பிளக் சாய்ந்திருந்தால் ஹெடர் இடிக்குமா என்று பார்க்கணும். 400 பிளாக் என்றால் ஹெட்டில் நீராவித் துளை போட வேண்டும், போடாவிட்டால் ஆவி தேங்கிச் சூடேறும். மாட்டித் தயாராக வரும் ஹெட்டில் இருக்கும் ஸ்பிரிங் உங்கள் கேமுக்கு ஏற்றதா? ரோலர் கேமுக்கான முரட்டு ஸ்பிரிங்கை ஃப்ளாட் டேப்பெட் கேமின் மேல் வைத்தால் கேம் லோப் தேய்ந்து, அந்த இரும்புத் தூள் பேரிங் வரைக்கும் போகும். பெயரில்லா மலிவு ஹெட்டுகளில் ஆபத்து போர்ட்டில் இல்லை. வார்ப்பு பார்க்க நன்றாகவே இருக்கும். வால்வு கைடு இடைவெளி, இருக்கையின் வெட்டு, ஸ்பிரிங்கின் தரம் என்று ஃபோட்டோவில் தெரியாத இடங்களில் காசை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

இரும்பா அலுமினியமா என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஜோடிக்கு ஏறத்தாழ 20 கிலோ குறையும், விரிசல் விட்டால் வெல்டு செய்து சரிபண்ணலாம், சூட்டைச் சீக்கிரம் கடத்துவதால் கம்ப்ரஷனைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, இரும்பு பிளாக்கைவிட இரண்டு மடங்கு விரிவடையும், கேஸ்கெட் தேர்வில் கவனம் வேண்டும். காசு இருந்தால் அலுமினியம். முடிந்தது.

எதிர்க்கட்சியின் வாதம் வலுவானதுதான். 'நான் ரோட்டில் ஓட்டல, டிராக்ல ஓட்டுறேன், என் முள் 5000-க்குக் கீழ வரவே வராது' என்பவருக்கு நான் இதுவரை எழுதியது பொருந்தாது. அவர் 220 வாங்கட்டும். இன்னொரு வாதம் எல்.எஸ். குடும்பத்தில் இருந்து வரும்: 'LS3-ல இன்டேக் போர்ட் 260 சி.சி., அது ரோட்டுல ஜம்முன்னு ஓடுதே, அப்புறம் என்ன வேகக் கணக்கு?' நல்ல கேள்வி. அது 6.2 லிட்டர், வால்வு சாய்வு 15 டிகிரி, போர்ட்டின் வடிவமும் நீளமும் வேறு. சி.சி.யை ஒரே குடும்பத்துக்குள்தான் ஒப்பிடலாம், மாமா பையனின் செருப்பு சைஸை வைத்து உங்களுக்குச் செருப்பு எடுக்க முடியாது. எல்.எஸ். ஹெட் பழைய 23 டிகிரி ஹெட்டைவிட அடிப்படையிலேயே நல்ல வடிவம் என்பதை நான் மறுக்கவே இல்லை. காசைக் கொட்டி 23 டிகிரி ஹெட்டின் உச்ச ஃப்ளோவைத் துரத்துவதற்கு எதிரான இன்னொரு காரணமாகத்தான் அதை நான் பார்க்கிறேன்.

அப்போ நீ எதை வாங்குவே என்று கேட்பீர்கள். கேட்டாச்சு, ஒளிய மாட்டேன். 5500-க்குள் ஓடும் ரோட்டு 350 என்றால் 170, 180 சி.சி. அலுமினிய ஹெட், 64 சி.சி. எரியறை. நடு லிஃப்டில் நல்ல எண், உச்சத்தில் என்ன வந்தாலும் சரி. ஒரு வி8-க்கு, இன்டேக் ஃப்ளோவின் ஒவ்வொரு சி.எஃப்.எம்.முக்கும் தோராயமாக இரண்டு குதிரை வரைக்கும் எட்டலாம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு, 28 அங்குலத்தில் அளந்த எண்ணுக்கு. 230 சி.எஃப்.எம். வந்தாலே கூரை 450 பக்கம். ரோட்டு 350-க்கு அதற்கு மேல் கூரை எதற்கு? 400-இன் கிராங்கை 350 பிளாக்கில் போட்டுச் செய்யும் 383 என்றால் 195-க்குப் போவேன், ஏனென்றால் ஸ்ட்ரோக் 3.75 ஆகும்போது பிஸ்டன் அதிகக் காற்றைக் கேட்கும், அதே போர்ட்டில் வேகம் தானாகவே கூடும்.

என் ரூம்மேட் இன்னமும் 210 தான் என்கிறான். அவன் கணக்கில் இன்ஜின் 383, கேம் 0.560, கார் எடை குறைவு, வாரக் கடைசியில் டிராக். அந்த இன்ஜினுக்கு அவன் சொல்வது சரியாக இருக்கலாம். போன வாரம் முழு ஃப்ளோ அட்டவணையும் விரித்து வைத்து, லிஃப்ட் வாரியாக ராத்திரி இரண்டு மணி வரை சண்டை போட்டோம். இரண்டு பேரிடமும் காசு இல்லை, இன்ஜினும் இல்லை. லேப் சுவரில் எங்கள் போஸ்டர் இன்னும் தொங்குகிறது, 14-ஐ அடித்துவிட்டு பேனாவால் 4 என்று எழுதி, பக்கத்திலேயே மேனோமீட்டர் அளவையும் சேர்த்திருக்கிறோம்.